ஆறாவது பாட்டு

செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு, பூமிக்குள் நாற்பதாவது தட்டில் பாறை வெடித்து, தங்கம் வெட்டப் போன ஏழு பேர் இடிபாட்டுக்கு அந்தப்பக்கம் மாட்டிக்கொண்டார்கள். மேலே லைன் வீடுகளில் பாத்திரம் உருண்டது. சங்கு ஊதியது. நேரங்கெட்ட நேரத்தில் சங்கு ஊதினால் சுரங்கத்துப் பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் ஓடுவார்கள், திரும்பி வர எத்தனை நாளாகும் என்று யாருக்கும் தெரியாது. எலிசம்மாவும் அடுப்பில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் ஓடினாள். அவள் புருஷன் தாவீது பாறையில் துளை போடும் மெஷின்காரன். ஏழு பேரில் ஒருவன்.

சுரங்க வாசலில் இடுப்பு உயரத்துக்கு வளைந்து நிற்கும் பழைய இரும்புக் குழாய் ஒன்று உண்டு. ஒரு காலத்தில் கீழே காற்று அனுப்பியது. புதுக் குழாய் போட்ட பிறகும் அதைப் பிடுங்காமல் விட்டிருந்தார்கள், காரணம் இதுதான்: கீழே மாட்டிக்கொண்டவன் கல்லை எடுத்துக் குழாயில் மூன்று முறை தட்டுவான். மூன்று தட்டு என்றால் ஆள் இருக்கிறோம் என்று அர்த்தம். தட்டு கேட்கிறவரை தோண்டுவார்கள், தட்டு நின்ற பிறகு பாதிரியாரைக் கூப்பிடுவார்கள். அந்த ஊரில் நடக்கத் தொடங்கும் குழந்தைக்கும் இது தெரியும்.

அன்றைக்கும் தட்டு கேட்டது. பெரிய மேஸ்திரி எத்திராஜுலு தலைப்பாகையைக் கழற்றிவிட்டுக் குழாயில் காதை வைத்து, கையைத் தூக்கி மூன்று விரலைக் காட்டினார். பெண்கள் மண்ணில் உட்கார்ந்தார்கள். ஒரு மணிக்குக் கேட்டது, இரண்டு மணிக்குக் கேட்டது, மூன்றரைக்கும் கேட்டது. நாலு மணிக்கு, தட்டு கேட்க வேண்டிய குழாயிலிருந்து பிடில்களும் பித்தளை வாத்தியங்களுமாக ஒரு பெரிய பேண்டு எழும்பி, அதன்மேல் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் குரல் இங்கிலீஷில் பாட ஆரம்பித்தது.

யாரும் ஓடவில்லை. எல்லாருக்கும் தெரிந்த பாட்டு. பதினைந்து நாளாக ஊர்க் கொட்டகையில் ஓடிக்கொண்டிருந்த படத்தின் முதல் பாட்டு அது. ரேடியோ என்ற சாமான் புதிதாக வந்த காலத்தில் ஒரு ரேடியோ ஸ்டேஷனில் பாடிப் பிழைத்தவர்களைப் பற்றிய படம். கதை முக்கால்வாசிப் பேருக்குப் புரியவில்லை. துரை பங்களாவிலும் கிளப்பிலும் தவிர ஊரில் ரேடியோவும் கிடையாது. ஆனாலும் ஏழு பாட்டு இருந்தது, ஏழுக்கும் ஆட்டம் இருந்தது, ஷிப்டு முடிந்த ஆண்கள் தலையில் சுரங்கத்து மண்ணோடு தரை டிக்கெட்டில் போய் உட்கார்ந்து வாயைப் பிளந்து பார்த்துவிட்டு வந்தார்கள். தாவீது மூன்று முறை பார்த்தான். ஏழு பாட்டும் குழாயில் வரிசையாக வந்தன, முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வந்தன. அதே சாயங்காலம் ஆளில்லாத கொட்டகையில் படம் போட்டபோது பேச்சு சரியாக இருந்தது, கதவு சாத்தும் சத்தம் சரியாக இருந்தது, பாட்டு மட்டும் ஏழும் இல்லை. படம் காட்டும் மெஷினை ஓட்டும் ஜம்புலிங்கம் திருப்புளியை எடுத்துக்கொண்டு சத்தப் பெட்டிக்குள் தலையை விட்டவர்தான், மூன்று நாள் வெளியே எடுக்கவில்லை.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்பதைச் சொல்ல வேண்டும். சந்தோஷமாக எடுத்துக்கொண்டது. கீழே இருக்கிறவர்கள் பாடுகிறார்கள், பாடுகிறவனுக்குப் பசியில்லை, மூச்சு முட்டவில்லை, பயமில்லை என்று முதல் நாள் சொன்னவர் ஆஸ்பத்திரி டாக்டர். இத்தனை வாத்தியம் வாசிக்க இடமிருந்தால் உள்ளே பெரிய வெற்றிடம் இருக்கிறது, அவசரப்பட்டுத் தோண்டினால்தான் ஆபத்து என்றார் மேனேஜர் துரை, மூன்று ஷிப்டாக நடந்த தோண்டல் ஒரு ஷிப்டு ஆனது. மறுநாள் அந்த ஒரு ஷிப்டின் சத்தமும் பாட்டுக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று ஜனங்களே முணுமுணுத்தார்கள். பாதிரியார் மெழுகுவர்த்தி கொண்டுவந்து வைத்தார், மாரியம்மன் கோயில் பூசாரி குழாய்க்கு மஞ்சள் தடவினார், இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் போனார்கள். களி கிண்டிக் கொண்டுவந்து குழாயடியில் வைத்தார்கள். டீக்கடை வந்தது, பட்டாணி வண்டி வந்தது, நாலு மைல் சுற்றுவட்டத்திலிருந்து மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள், கல்யாணமான ஜோடி ஒன்று மாலையோடு வந்து குழாயைக் கும்பிட்டுவிட்டுப் போனது. துரைசானிகள் நாற்காலி போட்டுக் குடை பிடித்து உட்கார்ந்து, தங்கள் தேசத்துப் பாட்டைக் கேட்டுக் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தார்கள். வாத்தியார் ஒருவர் பாட்டையெல்லாம் தமிழ் எழுத்தில் எழுதிவைத்தார், ஒரு சொல்லும் சரியில்லை, பிள்ளைகள் அதையே பாடித் திரிந்தன. இரண்டாவதைக் குடைப் பாட்டு என்றார்கள், ஐந்தாவதைக் கைத்தட்டுப் பாட்டு என்றார்கள். ஆறாவதற்குப் பெயர் வைக்கவில்லை, அது மெதுவான பாட்டு, அந்த நேரத்தில் டீ குடிக்கப் போனார்கள்.

எலிசம்மா மட்டும் குழாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேட்டவர்களிடமெல்லாம் ஒன்றையே சொன்னாள்.

"எங்க ஊட்டுக்காரருக்குப் பாட வராது. கோயில்லயே வாயத் தெறக்கமாட்டாரு."

உள்ளே போய்க் கற்றுக்கொண்டிருப்பார் என்று ஒரு கிழவர் சொன்னார். சிரித்தார்கள். அவளுக்கு வேண்டியது பாட்டு இல்லை, பாட்டுக்கு அடியில் அந்த மூன்று தட்டு இருக்கிறதா என்று தெரிய வேண்டும், அது இருந்தால் அவன் இருக்கிறான். ஒரு நிமிஷம் இந்தப் பாட்டு நின்றால் போதும். துணியைத் திணித்தாள், கையால் பொத்தினாள், பாட்டு விரலிடுக்கில் வந்தது, பக்கத்திலிருந்தவர்கள் அவள் கையைப் பிடித்து இழுத்து, பைத்தியமா உனக்கு, பாட்டு நின்றால் அவர்கள் செத்தார்கள் என்றல்லவா அர்த்தம் என்று அதட்டினார்கள். எத்திராஜுலுவிடம் போய்த் தோண்டச் சொன்னாள். அவர் துரை உத்தரவு என்றார். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை குழாயில் முதல் பாட்டு வரவில்லை. இரண்டாவதிலிருந்து ஆரம்பித்தது. சனிக்கிழமை மூன்றாவதையும் காணோம். பந்தியில் பாயசம் தீர்ந்துபோனதுபோல் ஜனங்கள் அலுத்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் எழுந்து கொட்டகைக்கு நடந்தாள். ஏன் போனாள் என்றால், ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போகிறேன் என்று தாவீது சொல்லியிருந்தான். அந்தப் படத்தில் ஒரு பாட்டு இருக்கிறது, யாருமில்லாத ரூமில் ஒரு பொம்பளை தனியாக நின்று பாடுகிறாள், யாரும் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு பாடுகிறாள், ஆனால் ரேடியோவில் ஊரே கேட்கிறது, அது அவளுக்குத் தெரியாது, அந்தப் பாட்டை நீ கேட்க வேண்டும் என்றான். எப்படிப் பாடுவாள், பாடிக் காட்டு என்றதற்கு, தொண்டையைச் செருமிவிட்டு, வராதுடி என்றான். தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைட் மண்மேட்டைச் சுற்றிக்கொண்டு போகும் வழியெல்லாம் அவளுக்கு அதுதான் ஓடியது. வேறு வேண்டுதல் ஒன்றும் இல்லை. சொன்ன நாளில் போகிறாள், அவ்வளவுதான்.

கொட்டகையில் ஒரு ஆள் இல்லை. ஜம்புலிங்கம் வாசலில் பீடி பிடித்துக்கொண்டு, பழுதான படத்தைத் திருப்பி அனுப்பினால் பட்டணத்துக் கம்பெனி அடுத்த படம் தராது என்று தனக்குத்தானே பொருமிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, பாட்டு சரியாக இல்லையே தங்கச்சி என்றார். வெள்ளிக்கிழமை ஒரு பாட்டு சரியாயிற்று, நேற்று இன்னொன்று சரியாயிற்று, ஒவ்வொன்றாய்ச் சரிபண்ணிவிடுவேன் என்று கொஞ்சம் பெருமையாகவும் சொன்னார். பரவாயில்லை, போடுங்கள் என்று அவள் தரையில் உட்கார்ந்தாள்.

முதல் பாட்டு வந்தது. குழாயில் காணாமல் போன பாட்டு, முழுசாக வந்தது. பிறகு ஆண்கள் கூடிப் பேசினார்கள், ஒரு பெண் குடையோடு வந்தாள், இரும்புச் சல்லடை மாதிரி ஒன்றின் முன்னால் நின்று வாயைத் திறந்தாள்.

டக். டக். டக்.

வாயை மூடி, சிரித்து, சுழன்று, மறுபடி திறந்தாள். டக். டக். டக்.

பின்னாலிருந்து ஜம்புலிங்கம், அந்தச் சனியன்தான் தங்கச்சி, செவ்வாய்க்கிழமையிலிருந்து பாட்டு வருகிற இடத்திலெல்லாம் இந்த டக் டக்தான், எங்கே ஆடுகிறது என்று தெரியவில்லை, சத்தத்தைக் குறைத்துவிடுகிறேன் என்றார்.

"கொறைக்காதண்ணா," என்றாள் எலிசம்மா. "ஏத்து."

ஜம்புலிங்கம் மெஷின்காரர், பட்டணத்திலிருந்து பிழைக்க வந்தவர். சுரங்கத்துக்குள் இறங்கியவர் இல்லை, அவர் குடும்பத்தில் யாரும் இறங்கியவர் இல்லை. அந்த ஊரில் அந்தச் சத்தம் என்னவென்று தெரியாத ஒரே ஆளிடம் அந்தச் சத்தம் அஞ்சு நாளாகக் கிடந்தது. தெரிந்தவர்கள் எல்லாரும் குழாயடியில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது பாட்டில் தட்டு கனமாக இருந்தது. நாலாவதில் லேசாக, தாறுமாறாக இருந்தது. ஐந்தாவதில் கைதட்டி ஆடும் முப்பது பெண்களுக்கு நடுவில் நிதானமாக, வயசான கையின் தட்டு. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு கை. ஆறாவதில் காலி ரூம் வந்தது. ஒரு பெண் தனியாக வந்தாள், விளக்கு ஒன்றுதான் எரிந்தது, யாரும் இல்லையா என்று பார்த்துவிட்டு மெதுவாக வாயைத் திறந்தாள்.

டக்டக். கொஞ்சம் பொறுத்து, டக்.

ஷிப்டு முடிந்து வரும்போது தாவீது அப்படித்தான் கதவைத் தட்டுவான். இரண்டு வேகமாக, மூன்றாவது மறந்துபோய் ஞாபகம் வந்தாற்போல. மூணாவதுக்கு ஆள் அனுப்பினியா என்று அவள் பதினாலு வருஷமாகக் கேட்டுக்கொண்டேதான் கதவைத் திறந்தாள்.

அவள் எத்திராஜுலுவைக் கூட்டிவரப் போனபோது அவர் குழாயடியில் நாலாவது பாட்டில் இருந்தார். வர மாட்டேன் என்றார். கொட்டகையில் தட்டு கேட்கிறது என்றதும் சுற்றியிருந்தவர்கள் அவளைப் பாவமாகப் பார்த்தார்கள். அவள் கத்தவில்லை.

"இருபத்தெட்டு வருஷமா மேஸ்திரி வேல பாக்கற. தட்டுக்கும் பாட்டுக்கும் வித்தியாசம் தெரியலன்னா தலப்பாவ அவுத்து அந்தக் கொழாய்க்கே கட்டிட்டுப் போ நைனா."

அவர் வந்தார். தரையில் உட்கார்ந்து இரண்டாவது பாட்டைக் கேட்டார், நாலாவதைக் கேட்டார். ஐந்தாவதில் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஆறும் ஏழும் கேட்டுவிட்டு, அஞ்சு பேர் என்றார். பிறகு ஜம்புலிங்கத்திடம் திரும்பி, சரியாப் போச்சு சரியாப் போச்சுன்னு சொன்னியாமே, அந்த ரெண்டு பாட்டு, அது எந்த எந்த நாள் என்று கேட்டார். ஜம்புலிங்கம் நாளைச் சொன்னார். சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. திருப்புளி கையிலிருந்து விழுந்தது, அவர் அதைக் குனிந்து எடுக்கவில்லை.

துரை வந்து இரண்டு நிமிஷம் கேட்டுவிட்டு, பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று போய்விட்டார். எத்திராஜுலு உத்தரவுக்கு நிற்கவில்லை. ஆட்களைச் சேர்த்துக்கொண்டு இறங்கினார். முப்பது அடி மண்ணும் பாறையும் பாக்கி இருந்தது, அஞ்சு நாளில் பத்தடிதான் எடுத்திருந்தார்கள், அந்தக் கணக்கை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அதன்பிறகு ஊர் குழாயை விட்டுவிட்டுக் கொட்டகைக்கு வந்தது. காலை ஏழு மணிக்குப் படம் போட்டார்கள், முடிந்ததும் மறுபடி போட்டார்கள், ரீல் சூடேறி அறுந்தால் ஜம்புலிங்கம் ஒட்டினார், ஒட்டும் நேரம் முழுக்க முந்நூறு பேர் வெறும் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோண்ட இறங்குகிறவர்கள் இறங்கும்முன் ஒரு பாட்டு கேட்டுவிட்டுப் போனார்கள். பெண்கள் அவரவர் பாட்டைக் கண்டுபிடித்திருந்தார்கள். நாலாவது பாட்டு வரும்போது ஒருத்தி முன்னால் போய் உட்காருவாள், ஐந்தாவதுக்கு வேறொருத்தி. திரையில் வெள்ளைக்காரிகள் பாவாடையைச் சுழற்றிச் சுழற்றி ஆடுவார்கள், கீழே ஒரு பெண் முந்தானையைக் கடித்துக்கொண்டு, மூன்று, மூன்று, மூன்று என்று எண்ணிக்கொண்டிருப்பாள். டீக்கடையும் பட்டாணி வண்டியும் கொட்டகை வாசலுக்கு வந்தன, ஆனால் யாரும் வாங்கவில்லை. மண்மேட்டுக்கு அந்தப்பக்கம் குழாய் தன்பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது, கேட்க நாதியில்லை.

திங்கட்கிழமை பத்து மணி ஆட்டத்தில் குடைப் பாட்டு வந்துவிட்டது. தட்டு இல்லை. பிடில், பேண்டு, குரல், எல்லாம் சுத்தமாக, ஜம்புலிங்கம் பத்து நாளைக்கு முன்னால் கேட்ட மாதிரியே வந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண் திரும்பி, எல்லார் முகத்தையும் பார்த்தாள். அவளைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுபோனார்கள், பாட்டு அவள் முதுகுக்குப் பின்னாலேயே வந்தது. அவ்வளவு குஷியான பாட்டு. செவ்வாய்க்கிழமை நாலாவது திரும்பி வந்தது, அன்று சாயங்காலமே ஐந்தாவதும். கீழே பன்னிரண்டு அடி பாக்கி என்றார்கள். புதன்கிழமை காலை ஏழடி.

எலிசம்மா ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எழுந்திருக்கவில்லை. யாரோ கஞ்சி கொடுத்தால் குடித்தாள். ஆறாவது பாட்டு ஒவ்வொரு முறை வரும்போதும் அந்தக் காலி ரூமும் ஒற்றை விளக்கும் வரும், அந்தப் பெண் யாரும் இல்லையே என்று சுற்றிப் பார்ப்பாள், எலிசம்மா தரையில் விரல் முட்டியை வைத்துக்கொண்டு காத்திருப்பாள். டக்டக், டக். அவளும் தரையில் தட்டுவாள். இந்தப்பக்கம் தட்டினால் அந்தப்பக்கம் கேட்காது என்று அவளுக்குத் தெரியும், ரேடியோ அப்படித்தான், கேட்கிறவன் பதில் பேச முடியாது என்று தாவீதே சொல்லியிருக்கிறான். ஆனாலும் தட்டினாள். புதன்கிழமை மத்தியானம் முதல் ஆட்டத்தில் மூன்றாவது தட்டு ரொம்ப நேரம் கழித்து வந்தது. அடுத்த ஆட்டத்தில் மூன்றாவது தட்டே வரவில்லை, இரண்டோடு நின்றது. நாலடி, என்று வாசலில் யாரோ சொன்னார்கள்.

நாலு மணி ஆட்டம். விளக்கு எரிந்தது. பெண் வந்தாள். சுற்றிப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

பாடினாள்.

மெதுவான பாட்டு, ஒரே ஒரு பியானோ. குழாயடியில் எலிசம்மா அதை நாற்பது தடவையாவது கேட்டிருப்பாள், இதுதான் அது என்று தெரியாமலே கேட்டிருக்கிறாள், இதை நிறுத்தத்தான் கையால் பொத்தினாள். ஜம்புலிங்கம் மெஷினை நிறுத்தப் போனார். அவள் திரும்பாமலேயே கையைத் தூக்கினாள், வேண்டாம் என்று. பாட்டு முடிகிறவரை கேட்டாள். முடிந்ததும் பக்கத்திலிருந்த பெண்கள் அவளைப் பிடித்துத் தூக்க வந்தார்கள்.

"உடுங்க," என்றாள். "இன்னும் ஒருத்தரு கீறாரு."

ஏழாவது பாட்டு பிலவேந்திரனுடையது. இருபத்திரண்டு வயசு, கல்யாணம் ஆகவில்லை, அம்மா அப்பா கிடையாது, அவன் பாட்டுக்கு முன்வரிசையில் போய் உட்கார இதுவரை யாருமில்லை. எலிசம்மா முன்னால் போய் உட்கார்ந்தாள். கடைசிப் பாட்டு, ரேடியோ ஸ்டேஷனில் எல்லாரும் கூடி நின்று வாயைத் திறக்கிற பாட்டு. டக். டக். டக். அவள் எண்ணினாள். படம் முடிந்ததும் ஜம்புலிங்கத்தைப் பார்த்து, ஓட்டு என்றாள். மறுபடி முடிந்ததும் மறுபடி ஓட்டு என்றாள். வியாழக்கிழமை பகல் பதினொன்றுக்கு எத்திராஜுலுவின் ஆட்கள் கையை உள்ளே விட்டு பிலவேந்திரனைக் காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள்.

தாவீதையும் எடுத்து வந்தார்கள். வலது கையில் கல் இருந்தது, விரலைப் பிரிக்க முடியவில்லை, கல்லோடுதான் அடக்கம் செய்தார்கள்.

பிலவேந்திரன் எழுந்து உட்கார ஒரு வாரம் ஆயிற்று. எலிசம்மா கஞ்சி கொண்டுபோனபோது அவனாகவே சொன்னான்.

"கீழ பாட்டு ஒண்ணும் கேக்கலக்கா. தட்டிக்கினே இருந்தோம். ஏன் யாரும் வரலன்னு தெரியல."

அவள் கஞ்சியைக் கலக்கிக் கொடுத்தாள். என்ன சொல்வது, வெளியே நாங்கள் டீ குடித்துக்கொண்டு பாட்டுக் கேட்டோம் என்றா.

ரீல் பெட்டி பட்டணத்துக்குப் போயிற்று. ஒரு மாதம் கழித்துக் கம்பெனியிலிருந்து ஜம்புலிங்கத்துக்குக் கடுதாசி வந்தது. ஆறு பாட்டு நன்றாக இருக்கிறது, கடைசிப் பாட்டை நாசம் பண்ணி அனுப்பியிருக்கிறீர், பாட்டுக்குப் பதிலாக யாரோ தட்டும் சத்தம் வருகிறது, எங்கள் ஆட்கள் மூன்று நாள் பார்த்தும் சரிபண்ண முடியவில்லை, என்ன செய்தீர் என்று உடனே எழுதவும். குழாயில் அந்த ஒரு பாட்டு இன்னும் வந்துகொண்டுதான் இருந்தது. காலையில் ஷிப்டுக்குப் போகிறவர்கள் அந்த இடத்தில் மட்டும் நடையை வேகமாக்கினார்கள். பிலவேந்திரன் வேறு வேலை தெரியாததால் மறுபடி சுரங்கத்துக்குள் இறங்க ஆரம்பித்திருந்தான், அவனும் அந்தக் குழாயைத் தாண்டித்தான் போனான்.

ஜம்புலிங்கம் கடுதாசியை எடுத்துக்கொண்டு எலிசம்மா வீட்டுக்கு வந்தார். கதவு திறந்துதான் இருந்தது, அதனால் தட்டவில்லை. தட்டுவதை அவர் அந்த வாரத்தோடு விட்டிருந்தார். கடுதாசியைப் படித்துக் காட்டிவிட்டு, கார்டையும் பேனாவையும் வைத்துக்கொண்டு, சத்தத்தைக் குறைக்கப் போனவன் நான், இதற்கு நான் என்ன எழுதுவது, நீயே சொல்லு தங்கச்சி என்றார்.

அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ரிப்பேரு பண்ண வாணாம்னு எழுது," என்றாள். "ஆள் கீறாருன்னு எழுது."